அரிச்சல்முனையில் சூரிய உதயம் எடுக்கணும், உதவுங்கள்

உப்புக்காற்று: ராமேஸ்வரம் போகிறோம், இரண்டு நாள். தனுஷ்கோடிச் சாலை முடிகிற அரிச்சல்முனையில் சூரிய உதயம் எடுத்தே ஆகணும். போன தடவை நாலரைக்கே எழுந்து கிளம்பியும் வழியிலேயே விடிந்துவிட்டது. வேறு வழி இருக்கிறதா? பக்கத்தில் வேறு என்ன எடுக்கலாம்?

தங்கச்சிமடம்: எந்த மாதம்? போனா, கேமராவா? சொந்த வண்டியா?

லென்ஸ்50: பாம்பன் பாலத்தை விட்டுவிடாதீர்கள். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் கட்டி 2025இல் திறந்த புதுப் பாலம். ரயில் வரும் நேரம் பார்த்துப் போங்கள். ஜூம் லென்ஸ் கட்டாயம்.

மூத்தவன்: கேட்கிற முறை ஒன்று இருக்கிறது, தம்பி. மாதம் இல்லை, கருவி இல்லை, கூட வருவது யார் என்று இல்லை. இதை எத்தனை பேருக்குத்தான் சொல்வது? தனுஷ்கோடிச் சாலையில் காலை 6 மணி வாக்கில்தான் வண்டியை விடுவார்கள். அதைக்கூட விசாரிக்காமல் நாலரைக்கு எழுந்து என்ன பயன்?

உப்புக்காற்று: மன்னிக்கவும். ஜனவரி கடைசி. போன்தான். அம்மா வருகிறார், மணலில் அதிகம் நடக்க முடியாது. போன தடவை போனது ஜூன்.

தங்கச்சிமடம்: சரி, விஷயம் அதுதான். ஜூனில் ஆறுக்கு முன்னாலேயே சூரியன் வந்துவிடும். ஜனவரியில் ஆறரை தாண்டும். சாலையில் இருக்கும் சோதனைச் சாவடி திறந்ததும் முதல் வண்டியாகப் போனால் கிடைக்கும். அப்புறம் திரும்பும்போது இடிந்த தேவாலயத்தில் இறங்குங்கள். 1964 புயலில் கூரை போய் சுவர்தான் மிச்சம். பவளக்கல் கட்டடம். சாய்வான வெளிச்சம் பட்டால் கல்லில் இருக்கும் வரிகள் கோலம் மாதிரி எழுந்து நிற்கும். வெயில் ஏறினால் எல்லாம் தட்டையாகிவிடும். அதற்கு போனே போதும்.

கடல்மீன்: கோதண்டராமர் கோயில் பக்கம் நீர்ப்பரப்பில் அந்த மாதத்தில் பூநாரை வரும். போனில் புள்ளியாகத்தான் தெரியும், ஆனாலும் அம்மாவுக்குக் காட்டுங்கள். முனையில் இறங்கிக் குளிக்க வேண்டாம், இழுப்பு அதிகம். வடக்கே பெண் கடல் என்கிற பாக் நீரிணைப் பக்கம் அமைதியாக இருக்கும், அங்கே நின்று எடுங்கள்.

தங்கச்சிமடம்: ஜனவரியில் அப்படிச் சொல்லாதீர்கள். வாடைக்காற்று நேரத்தில் பாக் நீரிணைதான் கொந்தளிக்கும், தெற்கே ஆண் கடல் என்கிற மன்னார் வளைகுடாப் பக்கம் அடங்கியிருக்கும்.

கடல்மீன்: ஆண் கடல், பெண் கடல் என்று பெரியவர்கள் காரணமில்லாமலா பெயர் வைத்தார்கள்?

தங்கச்சிமடம்: பெயர் சரிதான். காற்று மாறினால் கடலும் மாறும். எங்கள் வீட்டில் படகு இருக்கிறது, அந்த மாதங்களில் வடக்குக் கரையில் அலையைப் பார்த்துத்தான் இறக்குவோம்.

மூத்தவன்: கேட்டது போட்டோ. ராமேஸ்வரம் ராமநாதசுவாமி கோயிலுக்குள் போன், கேமரா கிடையாது. பிரகாரத்தைக் கண்ணால் பாருங்கள்.

லென்ஸ்50: ட்ரோன் கொண்டுபோகாதீர்கள். எல்லைப் பகுதி. உப்புக்காற்றில் லென்ஸில் படலம் படியும், மெல்லிய துணி வையுங்கள்.

உப்புக்காற்று: போய் வந்தோம். உதயம் கிடைத்தது. வடக்குப் பக்கம்தான் அலை அதிகம். தேவாலயச் சுவரில் அம்மா கை வைத்து நிற்கிற படம்தான் எனக்குப் பிடித்தது. நன்றி.