பதினோரு வருஷம் கழித்து மறுபடி ஃப்ளை ஃபிஷிங்: நரம்பும் முடிச்சும் படுத்திய பாடு

டென்வரில் இருக்கிறேன். 2010 வாக்கில் ஆபீஸ் நண்பர் ஒருவர் கையில் கம்பைக் கொடுத்து ஃப்ளை ஃபிஷிங், அதாவது பூச்சி மாதிரி செய்த கொக்கியை (அதுதான் ஃப்ளை) வீசி மீன் பிடிப்பதைப் பழக்கிவிட்டார். நாலைந்து சீசன் நன்றாகப் போனது, அப்புறம் குழந்தைகள், வீட்டு லோன், சனிக்கிழமை நீச்சல் வகுப்பு. கம்பு கராஜில் தொங்கிக்கொண்டே இருந்தது. போன ஜூலையில்தான் தூசி தட்டி எடுத்தேன். வீசுகிற கை மறந்திருக்கும் என்று பயந்தேன், அது பரவாயில்லை, அரை மணி நேரத்தில் திரும்பிவிட்டது. மானத்தை வாங்கியது ஃப்ளைக்கு முன்னால் வருகிற கடைசி ஒன்பது அடி தூண்டில் நரம்பு.

முதல் நாளே டெக்கர்ஸ் பக்கம் சவுத் பிளாட் ஆற்றுக்குப் போனேன். மேலே சீஸ்மன் அணையிலிருந்து வருகிற தண்ணீர், கண்ணாடி மாதிரி. தினமும் பத்துப் பேர் ஃப்ளை காட்டுகிற இடம், அங்கே இருக்கும் டிரவுட் மீனுக்கு நம்மைவிட அனுபவம் அதிகம். பழைய வெஸ்ட் பாக்கெட்டில் கிடந்த 5எக்ஸ் (நரம்பின் தடிமன், கணக்கு கீழே) நைலான் நரம்பு ஸ்பூலையே எடுத்து, 18ஆம் நம்பர் நிம்ஃப் (தண்ணீருக்குள் மூழ்குகிற ஃப்ளை) கட்டி இறக்கினேன். மதியத்துக்குள் மூன்று மீன் மாட்டியது. மூன்றும் போச்சு.

மூன்றாவது போன பிறகுதான் நரம்பின் நுனியை உருப்படியாகப் பார்த்தேன். முதல் இரண்டு தடவையும் நுனி பன்றிவால் மாதிரி சுருண்டிருந்தது ஞாபகம் வந்தது. சுருண்டிருந்தால் முடிச்சு நழுவி அவிழ்ந்திருக்கிறது என்று அர்த்தம், நரம்பு அறுந்ததில்லை. அது தெரியாமல் நான் டிப்பெட்டை (ஃப்ளை கட்டுகிற நுனி நரம்பு) திட்டிக்கொண்டு இருந்தேன். மூன்றாவது மட்டும் நடுவிலே பட்டென்று அறுந்திருந்தது. வீட்டுக்கு வந்து அந்த ஸ்பூலிலிருந்து ஒரு முழம் எடுத்து இரண்டு கையாலும் இழுத்தேன், காய்ந்த சேமியா போல உடைந்தது. நைலான் வெயிலில் பலம் இழக்கும், கராஜ் சூடும் அதற்கு நல்லதில்லை. ஆக இரண்டு தப்பும் என் பக்கம்தான். மீன் பாவம், ஃப்ளையோடு போனது.

இடைவெளி விட்டுத் திரும்புகிறவர்கள் கம்பு, ரீல் எல்லாம் பழசையே வைத்துக்கொள்ளுங்கள், லீடரையும் (வீசுகிற தடித்த கயிற்றையும் டிப்பெட்டையும் இணைக்கிற நரம்பு) டிப்பெட்டையும் மட்டும் யோசிக்காமல் குப்பையில் போடுங்கள். நான் இப்போது வைத்திருப்பது ஏழரை அடி 3எக்ஸ் டேப்பர்ட் (நுனிக்குப் போகப் போக மெலிகிற) லீடர், அதன் நுனியில் இரண்டு மில்லிமீட்டர் டிப்பெட் வளையம், அதிலிருந்து இரண்டு மூன்று அடி 5எக்ஸ். ஃப்ளை மாற்றும்போதெல்லாம் மூன்று நான்கு அங்குலம் வெட்டுப்படும், வளையம் இருந்தால் போவது டிப்பெட்தான், லீடர் ஒரு சீசன் முழுக்க ஓடுகிறது. வளையம் வாங்குவதற்கு இன்னொரு காரணம் கண். நாற்பத்தாறு வயதில் 20ஆம் நம்பர் பொடிக் கொக்கியின் காதில் நரம்பு கோக்க, படிக்கிற கண்ணாடி போட்டுக்கொண்டு ஆற்று நடுவில் நிற்கிறேன், ஊசியில் நூல் கோக்கச் சொல்லி என்னைக் கூப்பிடுகிற பாட்டி ஞாபகம்தான் வருகிறது.

எக்ஸ் கணக்கு மறந்தவர்களுக்கு: 11லிருந்து எக்ஸ் எண்ணைக் கழியுங்கள், வருவது அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பது. 5எக்ஸ் என்றால் 0.006 அங்குலம், 3எக்ஸ் 0.008. அந்தக் காலத்தில் பட்டுப்புழுவின் குடலிலிருந்து எடுத்த நரம்பைத் துளை வழியாக இழுத்து இழுத்து மெலிதாக்குவார்கள், எத்தனை தடவை இழுத்தார்களோ அத்தனை எக்ஸ் என்று சொல்வார்கள். எண் ஏற ஏற நரம்பு மெலிவது அதனால்தான். எந்த ஃப்ளைக்கு எது என்றால், கொக்கி நம்பரை மூன்றால் வகுத்தால் ஏறக்குறைய சரியாக வரும், 16க்கு 5எக்ஸ். இதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தெளிந்த தண்ணீரில் 6எக்ஸுக்கு இறங்குவேன், ஆனால் அதற்குக் கீழே போவதில்லை, மெல்லிய நரம்பில் மீனை ஐந்து நிமிஷம் இழுத்தடித்துச் சோர்ந்துபோன பிறகு விடுவதில் என்ன பெருமை?

சரி, முடிச்சு. யூடியூபில் நாற்பது வகை காட்டுகிறார்கள், எனக்கு இரண்டு போதும். நரம்போடு நரம்பு சேர்க்க சர்ஜன் முடிச்சு, ஃப்ளை கட்ட இம்ப்ரூவ்டு கிளிஞ்ச். வீட்டில் இரண்டு கலர் பாவாடை நாடாவை எடுத்துச் சோபா கைப்பிடியில் கட்டிக் கட்டிப் பழகினேன். மனைவி பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை, நாடாவை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

பழகும்போதுதான் ஒன்று உறைத்தது. சின்ன வயதில் குளித்தலைப் பக்கம் மாமாவோடு காவிரியில் தூண்டில் போடுவேன். அவர் தங்கூசியைக் கொக்கிக் காதில் விட்டு, ஐந்து சுற்று முறுக்கி, காதுக்குப் பக்கத்து ஓட்டையில் நுழைத்து, திரும்பவும் பெரிய வளையத்துக்குள் விடுவார். அச்சு அசல் இதே முடிச்சு. இழுப்பதற்கு முன்னால் வாயில் வைத்து எச்சில் தொடுவார். அழுக்குப் பழக்கம் என்று அம்மா திட்டுவாள். நான் டெக்கர்ஸில் தவறவிட்டது அதைத்தான். காய்ந்த நரம்பை வெடுக்கென்று இழுத்தால் உராய்வுச் சூட்டில் நரம்பு வெந்து பலம் போகும், சுற்றுகளும் ஒழுங்காக உட்காராது. நனைத்து, மெதுவாக இழுத்து, நுனியை ஒட்ட வெட்டாமல் ஒரு மில்லிமீட்டர் விட வேண்டும். செப்டம்பரில் அதே இடத்தில் பதினாறு அங்குல பிரவுன் டிரவுட் ஒன்று வலைக்குள் வந்தது. போட்டோ எடுக்கவில்லை, கை நடுங்கியது.

உங்களில் யாராவது இப்படி விட்டுத் தொட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

—

சண்டிகரிலிருந்து:

அண்ணே, நான் ஆறு வருஷம் விட்டுவிட்டு, போன ஏப்ரலில் தீர்த்தன் ஆற்றுக்குப் போனேன் (இமாச்சலில் டிரவுட்டுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை மூடல், லைசென்ஸும் வேண்டும்). பாறை பாறையாக வேகமான தண்ணீர், கரையெல்லாம் மரம். யாரோ சொன்னார்கள் என்று பன்னிரண்டு அடி லீடரோடு போய், முதல் நாள் மீனைவிட மரக்கிளையைத்தான் அதிகம் பிடித்தேன். மறுநாள் ஏழரை அடி 4எக்ஸாக மாற்றினேன், அன்று நாலு மீன். அங்கே மீனுக்கு யோசிக்க நேரமே இல்லை, நரம்பு தடிமனை எங்கே பார்க்கப்போகிறது. உங்கள் கண்ணாடித் தண்ணீர்க் கணக்கு எல்லா ஆற்றுக்கும் பொருந்தாது.

காற்று முடிச்சு பற்றி எழுதாமல் விட்டுவிட்டீர்களே? வீசும்போது தானாக விழுகிற அந்தச் சின்ன முடிச்சு பாதி பலத்தைத் தின்றுவிடும். பத்து வீச்சுக்கு ஒரு தடவை டிப்பெட்டை விரலிடுக்கில் ஓட்டிப் பார்ப்பேன். தட்டுப்பட்டால் அவிழ்க்க மெனக்கெடாமல் வெட்டிவிடுவேன்.

—

ஸ்காட்லாந்திலிருந்து:

ஃப்ளூரோகார்பன் நரம்பு பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே. வெயில் அதை நைலான் அளவுக்குக் கெடுக்காது, பழைய ஸ்பூலும் தாங்கும். ஆனால் அது கனம், மூழ்கும், ட்ரை ஃப்ளைக்குக் கட்டினால் நுனியைக் கீழே இழுக்கும். நிம்ஃபுக்கு அது, மிதக்கிற ஃப்ளைக்கு நைலான் என்று பிரித்து வைத்திருக்கிறேன். ஒரு நாள் இரண்டையும் ஒரே மாதிரி ஸ்பூலில் வைத்துக் குழம்பி, காலை முழுக்க ட்ரை ஃப்ளை ஏன் முங்குகிறது என்று ஃப்ளையைக் குற்றம் சொன்னேன். இப்போது நைலான் ஸ்பூலில் சிவப்பு நெயில் பாலிஷ் பொட்டு.

—

சண்டிகர் தம்பி, பொருந்தாது என்பது சரிதான். கோல்டன் பக்கம் கிளியர் கிரீக்கில் எனக்கும் அப்படித்தான், குட்டி பிரவுன்கள் 4எக்ஸையே கண்டுகொள்வதில்லை. நெயில் பாலிஷ் யோசனை அருமை சார், இன்றைக்கே செய்கிறேன், ஆனால் பாவாடை நாடாவுக்குப் பிறகு இதையும் கேட்க வேண்டுமே என்றுதான் யோசனையாக இருக்கிறது.