புதுச்சேரிக்கு வடக்கே கடல் அரிப்பு: கல் கொட்டினால் தீருமா?

கடலோரத்தான்: 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலின்போது பிள்ளைச்சாவடியில் வீடுகள் இடிந்து கடலோடு போனதை எல்லாரும் பார்த்தோம். இன்னும் ஆய்வு, திட்டம் என்றே பேசினால் எப்படி? கருங்கல் கொட்டுங்கள், கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கற்சுவரான தூண்டில் வளைவு போடுங்கள். ஊர் இருந்தால்தானே மற்றதெல்லாம்?

மணல்மேடு: கொட்டலாம். அடுத்த ஊரை என்ன செய்வது? 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கற்சுவர்கள் கட்டினார்கள். இந்தக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே பாண்டி நகரத்துக் கடற்கரை காணாமல் போனது. நகரத்தைக் காக்கக் கல் கொட்டியதும் அரிப்பு சோலை நகர் தாண்டி தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று ஏறிக்கொண்டே வந்தது.

கடலோரத்தான்: துறைமுகமா வந்து வீட்டை இடித்தது? புயலில் கடல் ஏறி இடித்தது.

மணல்மேடு: புயல் அந்தக் காலத்திலும் வந்ததுதான். காற்று தண்ணீரைக் கரைப்பக்கம் தள்ளும், காற்றழுத்தம் குறைவதால் கடல் மட்டமும் கொஞ்சம் உயரும். அதன் மேல் ஏறி வரும் அலை வழக்கமாக எட்டாத இடத்தை எட்டிவிடும். அகலமான மணல்வெளி இருந்தால் அங்கேயே உடைந்து அடங்கும். புயல் இழுத்துப்போன மணலும் கரைக்குப் பக்கத்திலேயே திட்டாகக் கிடந்து, கடல் அமைதியான மாதங்களில் மெல்லத் திரும்பும். இங்கே தெற்கிலிருந்து வரத்தே நின்றுவிட்டதால், போனது போனதுதான்.

பாறையோர வீடு: எங்கள் ஊரில் கல் இருக்கிறது. வீடு தப்பியது, மறுக்கவில்லை. ஆனால் படகை எங்கே ஏற்றுவது? முன்பு அலையோடு வந்து மணலில் இழுத்துப் போடுவோம். இப்போது கல்லில் உரசினால் ஃபைபர் படகின் அடி கிழிகிறது. கரைவலை இழுக்க இடமே இல்லை. கல்லாவது நிற்கிறதா? அலை மோதித் திரும்பும்போது அடி மணலைப் பறிக்கும், கல் சரியும், மறுபடி ஒரு டெண்டர்.

கடலோரத்தான்: வீடு தப்பியது என்று நீங்களே சொல்கிறீர்கள். எங்களுக்கு அது போதும்.

மணல்மேடு: 2018-ல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் அலையின் வேகத்தைக் குறைக்க இரும்பாலான செயற்கைத் திட்டு ஒன்றை நீருக்கடியில் இறக்கினார்கள். தூர்வாரிய மணலையும் கரையில் கொட்டினார்கள். வெறும் கல்லாகக் கிடந்த இடத்தில் இன்று ஆட்கள் மணலில் நடக்கிறார்கள்.

கடலோரத்தான்: அது நகரத்துக்கு, சுற்றுலா வருகிறவர்களுக்கு. எங்கள் பக்கம் யார் கொட்டினார்கள்? கோட்டக்குப்பம் தமிழ்நாடு, பிள்ளைச்சாவடி புதுச்சேரி. ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுவதற்குத்தான் எல்லை உதவுகிறது.

மணல்மேடு: அதில் எனக்கும் உங்களோடு சண்டை இல்லை. தெற்கே சேரும் மணலை எடுத்து வடக்கே கொட்டுவது துறைமுகத் திட்டத்திலேயே இருந்த வேலை, ஒழுங்காக நடக்கவில்லை. அதைக் கேளுங்கள் என்கிறேன்.

கடலோரத்தான்: சரி, கேட்கிறோம். அது வரும்வரை ஐப்பசி, கார்த்திகையில் பிள்ளைகளை எங்கே படுக்க வைப்பது என்பதையும் சொல்லிவிடுங்கள். மணல் வந்து சேரட்டும், அப்புறம் கல்லை எடுக்கச் சொல்லி நானே மனு எழுதுகிறேன்.