அளவுத்திருத்தமா, அளவொப்பீடா?

அன்புடையீர், வணக்கம்.

மிகச் சிறிய அளவு திரவத்தை அளந்தெடுக்கும் ஆய்வகக் கருவியான மைக்ரோபிப்பெட்டின் பராமரிப்புக் கையேடு ஒன்றை எழுதிவருகையில் ஒரு சொல்லில் சிக்கிக்கொண்டேன். கருவி தரும் அளவை நியம அளவோடு ஒப்பிட்டுப் பிழை எவ்வளவு என்று கண்டறியும் காலிபரேஷனை நாம் 'அளவுத்திருத்தம்' என்று எழுதிவருகிறோம். ஆனால், அச்செயலில் எதுவும் திருத்தப்படுவதில்லை. திருகைத் திருப்பிப் பிழையைக் குறைக்கும் அட்ஜஸ்ட்மென்ட் வேறு வேலை; இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது என்று பன்னாட்டு அளவியல் சொற்றொகுதியே எச்சரிக்கிறது.

இதனை வெறும் சொற்சண்டை என்று ஒதுக்க இயலவில்லை. பழுதுபார்க்க வரும் 1000 மைக்ரோலிட்டர் பிப்பெட்டின் வெளிப்புறத்தை மாசு நீக்கியதும், உள்ளே எதையும் கழற்றுமுன், வந்த நிலையிலேயே அதன் பிழையை அளந்து பதிய வேண்டும். பிப்பெட்டுகளுக்கான பன்னாட்டுத் தரநிலையாகிய ஐ.எஸ்.ஓ. 8655 அனுமதிக்கும் 8 மைக்ரோலிட்டர் முறைப்பிழையை (எப்போதும் ஒரே பக்கமாக விலகும் பிழையை) அது தாண்டியிருந்தால், அந்தப் பிப்பெட்டால் அதுவரை எடுத்த முடிவுகளையும் மீளாய்வு செய்ய நேரும். 'அளவுத்திருத்தம் செய்க' என்று படிக்கும் உதவியாளர் நேரே திருகில் கைவைத்தால், அந்தச் சான்று அங்கேயே அழிந்துவிடும்.

இன்னொரு விபத்தும் உண்டு. பிப்பெட்டின் பிழையை அறிய, அது வெளியிடும் 1000 மைக்ரோலிட்டர் நீரை 20 பாகை செல்சியசில் தராசில் நிறுத்தால், நீரின் அடர்த்தியாலும் காற்றின் மிதப்பாலும் சுமார் 0.997 கிராமே காட்டும். எடையைக் கனஅளவாக மாற்றும் திருத்தக் காரணியால் இதனைப் பெருக்காதவர், இல்லாத மூன்று மைக்ரோலிட்டர் குறையைத் 'திருத்தி', நல்ல கருவியைக் கெடுத்துவிடுவார்.

காலிபரேஷனுக்கு இதுவரை முன்மொழியப்பட்ட சொற்களுள் 'அளவுகோடிடல்' கோடு பொறித்த கண்ணாடிக் குழாய்க்குப் பொருந்தும்; எண் காட்டும் பிப்பெட்டில் கோடு ஏது? 'சரிபார்ப்பு' என்பதை, கருவி வரம்புக்குள் உள்ளதா என்று தீர்ப்பளிக்கும் வெரிஃபிகேஷனுக்கு விட்டுவைக்க வேண்டும். ஆகவே காலிபரேஷனுக்கு 'அளவொப்பீடு' என்று முன்மொழிகிறேன்; 'அளவுத்திருத்தம்' தன் உண்மைப் பொருளாகிய அட்ஜஸ்ட்மென்டுக்கே திரும்பட்டும். அப்போது, 'பிஸ்டனின் அடைப்பு வளையத்தை மாற்றியபின் அளவொப்பீடு செய்க; பிழை வரம்பை மீறினால் மட்டும் அளவுத்திருத்தம் செய்து, மீண்டும் அளவொப்பீடு செய்க' என்று மயக்கமின்றி எழுதலாம்.

 

'ஒப்பீடு' மிகப் பொதுவான சொல் என்ற மறுப்பு வரக்கூடும். 'அளவு' என்னும் முன்னொட்டு அதனைப் போதிய அளவு குறுக்குகிறது என்பது என் எண்ணம். எனக்கே நிறைவு தராதது வினைவடிவம்தான். 'அளவொப்பிட்ட பிப்பெட்' என்பது செவிக்குச் சற்று முரடாக ஒலிக்கிறது. இதனினும் இயல்பான வடிவம் தோன்றினால் தெரிவிக்க வேண்டுகிறேன்.