காற்று பிடிக்கும் வாளிக்கு ஒரு பெயர் (அவசரம், வெள்ளிக்குள்)

கடலூர்க்காரி:

அனைவருக்கும் வணக்கம். சிப்காட் தொழிற்பேட்டை ஓரத்துக் கிராமங்களில் பெண்களுக்குக் கொடுக்க ஒரு பயிற்சிக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளி மாலை அச்சகத்துக்குப் போக வேண்டும். நான் இன்னும் அட்டையைத் தாண்டவில்லை. 'கம்யூனிட்டி என்விரான்மென்டல் மானிட்டரிங்': இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

சங்கதி இதுதான். மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி, அதற்குள் டெட்லர் என்ற, காற்று கசியாத பிளாஸ்டிக் பை. வாளிக்குள் இருக்கும் காற்றைச் சின்ன பம்பால் உறிஞ்சினால் பை தானாக விரிந்து வெளிக்காற்றை இழுத்துக்கொள்ளும். பையை மூடி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். 1995 வாக்கில் கலிபோர்னியாவின் கான்ட்ரா கோஸ்டாவில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளை ஒட்டிக் குடியிருந்தவர்களுக்காக வந்த முறை. கடலூரில் 2004லேயே கிராமத்து ஆட்கள் இதைச் செய்திருக்கிறார்கள். கூடவே தினம் ஒரு தாள் நிரப்ப வேண்டும்: மணி என்ன, காற்று எந்தப் பக்கமிருந்து, என்ன வாடை, உடம்பை என்ன செய்தது. அந்தத் தாளுக்கும் பெயர் வேண்டும்.

'சமூகச் சூழல் கண்காணிப்பு' என்று எழுதி வாசித்துக் காட்டினேன். முன்வரிசையில் இருந்த அக்கா கேட்டார்: "எந்த சமூகம்மா?"

புலவர் ஐயா:

அம்மா, கையில் வெண்ணெய் இருக்கிறதே. 'குடி' என்ற சொல் எதற்கு இருக்கிறது? ஏரியைக் குடிகளே கூடித் தூர்வாரியதைக் குடிமராமத்து என்றார்கள். மராமத்து அரபி வழி வந்தது, அதைத் தள்ளிவிடலாம். குடி நம்முடையது. 'குடிநோக்கு' என் பரிந்துரை. நோக்குதல் வெறும் பார்த்தல் அன்று, கருதிப் பார்த்தல்.

இன்னொன்றும் உண்டு. உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் எல்லாம் வருகின்றன. ஊர்ச்சபை உறுப்பினர் பார்த்த வேலை அது. 'காற்று வாரியம்' என்றால் ஆயிரம் ஆண்டு மரபும் சேர்ந்து வரும்.

வேதியியல் வாத்தியார்:

ஐயா மன்னிக்கணும். 'குடிநோக்கு' என்று அட்டையில் போட்டால் டாஸ்மாக் வாசலில் யார் நிற்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கிற கையேடு என்றுதான் நினைப்பார்கள். வாரியம் அதைவிடச் சிக்கல். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. இவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு போய் நிற்கப்போவதே அந்த வாசலில்தான்.

யாழிலிருந்து:

எங்கட பக்கம் 'சமூகம்' இன்னொரு வேலையும் செய்கிறது. கூட்டத்துக்கு 'சமூகமளித்தார்' என்றால் வந்திருந்தார் என்று பொருள். 'சமூகக் கண்காணிப்பு' என்றால் வரவுப் பதிவேடோ என்று ஒரு கணம் யோசிப்போம். அதைவிட, கண்காணிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. கண்காணிதான் கங்காணி ஆனது, மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் கூலிகளை மேய்த்த மேற்பார்வையாளன். உங்கட பெண்கள் செய்யும் வேலைக்கு அந்தப் பெயரை வைப்பீர்களோ?

சுன்னாகத்தில் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்தபோது, வாளியில் அள்ளிய தண்ணீரின் மேல் மினுங்கிய படலத்தைக் கண்டது வீட்டுச் சனம்தான். ஆய்வுகூடம் பிறகு. அதற்கு நாங்கள் சொல்லும் சொல் அவதானிப்பு. 'ஊரார் அவதானிப்பு' எப்படி?

புலவர் ஐயா:

அவதானம் வடசொல்.

கடலூர்க்காரி:

அண்ணா, 'ஊரார்' காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே ஊர் வேறு, காலனி வேறு. ஊர்க்கூட்டம் என்றால் காலனிக்காரர்களைக் கூப்பிடவில்லை என்று அர்த்தம். ஆலைப் புகைக்கு அந்தக் கோடு தெரியாது, சொல்லுக்குத் தெரிகிறது. சமூகம் என்றால் சாதி, குடி என்றால் சாராயம், ஊர் என்றால் பாதி ஊர். மிச்சம் என்ன இருக்கிறது?

தாளுக்கு இப்போதைக்கு 'நாற்றக் குறிப்பு' என்று வைத்திருக்கிறேன்.

புலவர் ஐயா:

நாற்றம்! அந்தச் சொல்லுக்கு நேர்ந்த கொடுமையை யாரிடம் சொல்வது? "முகைமொக்குள் உள்ளது நாற்றம்போல்" என்கிறது குறள் 1274. மொட்டுக்குள் அடங்கிய மணம் அது. ஆண்டாள் "கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ" என்று சங்கைக் கேட்டது பெருமாளின் வாயைப் பற்றி. அதைக் கொண்டுபோய் அழுகிய முட்டைக்கு வைக்கிறோம். நுகர்தலுக்கும் இதே கதிதான்: முன்பு முகர்ந்தோம், இப்போது நுகர்வோர் ஆகிவிட்டோம். 'வாளி'யும் விசாரிக்க வேண்டிய சொல். கம்பனில் வாளி என்றால் அம்பு. தண்ணீர் இறைக்கும் வாளி, இந்தி பால்ட்டியோடு போர்ச்சுகீசியக் கப்பலில் வந்து இறங்கியதோ என்று எனக்கு நெடுநாள் ஐயம். இதுபற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

வேதியியல் வாத்தியார்:

கப்பல் கரைக்கு வருவதற்குள் வெள்ளி வந்துவிடும். தாளுக்கு 'நெடி' போதும். மிளகாய் தாளிக்கும்போது வருவது நெடி, ஆசிட் பாட்டிலைத் திறந்தால் வருவதும் நெடி. விளக்கவே வேண்டாம்.

மூக்கை மட்டும் நம்பக் கூடாது என்று கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள். ஹைட்ரஜன் சல்பைடு மிகக் கொஞ்சமாக இருந்தாலே முட்டை வாடை தெரியும். அளவு ஏறினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. ஆபத்து அப்போதுதான். வாளி அதற்குத்தான். இன்னொரு சங்கடம்: பென்சீன் என்ற நச்சு ஆவிக்கு நம் தேசியக் காற்றுத் தர வரம்பு (ஆண்டுச் சராசரி, கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம்) 2009 நவம்பரில்தான் வந்தது. 2004ல் பை பிடித்தவர்களுக்கு, வைத்து ஒப்பிட நம் நாட்டு எண்ணே கிடையாது. அதனால் வெறுமனே 'பார்ப்பது' என்று சொல்லாமல் 'சோதனை' என்றே போடுங்கள். முடிவு என்று ஒன்று வரும் என்ற தெம்பு அந்தச் சொல்லில் இருக்கிறது.

யாழிலிருந்து:

சோதனை சரி, எங்களுக்கும் விளங்கும். ஆனால் காற்றுத் திசைக்குக் 'கச்சான்' என்று கையேட்டில் போட்டிருக்கிறீர்களே, அது எங்களுக்கு வறுத்த கடலையும்தான்.

கடலூர்க்காரி:

அது மீனவர் சொல், நீக்க மாட்டேன்.

சரி, முடிக்கிறேன். 'அக்கம்பக்கக் காற்றுச் சோதனை' என்று அச்சகத்துக்குக் கொடுத்துவிட்டேன். அக்கம்பக்கத்துக்குச் சாதி இல்லை, போதை இல்லை, அரசாணை இல்லை. வாத்தியார் சாரும் யாழ் அண்ணாவும் சம்மதம். புலவர் ஐயா 'அக்கம்' என்பதற்குத் தனியே பொருள் கேட்டுத் தொலைபேசியில் அழைத்தார். அவர் மறுப்பைக் குழுவில் பதிவு செய்யச் சொன்னார், செய்துவிட்டேன்.

தாள் மட்டும் நிற்கிறது. அதைத் தனியே ஜெராக்ஸ் எடுப்பதால் திங்கள் வரை நேரம் இருக்கிறது. 'நெடிக் குறிப்பு' என்று தலைப்பிட்டு ஒத்திகைக்குக் கொடுத்தேன். ஒரு பாட்டி சொல்லச் சொல்லப் பேத்தி எழுதியது இப்படி இருக்கிறது: "விடியக்காலை 4 மணி. நெடி இல்லை. தொண்டை கமறுது. கோழி மூணும் கூண்டை விட்டு வரலை." வாத்தியார் சார் சொன்ன ஆபத்து இதுதானோ என்று பயமாக இருக்கிறது. நெடி இல்லாததை 'நெடிக் குறிப்பு' என்ற தாளில் எழுதலாமா என்று பாட்டியே சந்தேகப்பட்டுக் கேட்டாராம். இதையும் பிடிக்கிற மாதிரி ஒரு தலைப்பு சொல்லுங்கள்.

புலவர் ஐயா:

கமறல்! அருமையான சொல். அதன் வேர் பற்றி இரவு விரிவாக எழுதுகிறேன்.