துப்பாக்கியின் கேஜ் (குழல் துளையளவு) என்பதற்குத் தமிழில் என்ன சொல்? (வியாழனுக்குள் வேண்டும்)

செங்காங்கிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். ரப்பர்த் தோட்டத் துரைமார் வைத்திருந்த வேட்டைத் துப்பாக்கிகள் பற்றி ஒரு படக் கண்காட்சி. 34 படக்குறிப்புகளைத் தமிழில் தர ஒப்புக்கொண்டு மாட்டிக்கொண்டேன். படங்கள் மட்டும்தான்; சிங்கப்பூர்ச் சட்டம் தெரியும்தானே, நான் துப்பாக்கியைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை.

'இரட்டைக்குழல் துப்பாக்கி' வரை சிக்கல் இல்லை. அண்ணா புண்ணியத்தில் எல்லாருக்கும் தெரிந்த சொல். இடிக்கும் இடம் 'ஸ்மால் கேஜ்'. 'சிறிய அளவு' என்று போட்டேன். சரிபார்க்கும் அம்மா திருப்பி அனுப்பிவிட்டார்: 28 கேஜ் எப்படி 12 கேஜைவிடச் சிறியது, எண்ணை மாற்றிப் போட்டுவிட்டாயா என்று.

மாற்றவில்லை. ஒரு ராத்தல் ஈயத்தைச் சமமாக 12 உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டையின் விட்டம்தான் 12 கேஜ் குழலின் துளை: 18.5 மில்லிமீட்டர். 20 ஆக்கினால் 15.6. 28 ஆக்கினால் ஏறக்குறைய 14. எண் ஏற ஏறக் குழல் ஒடுங்கும். இது சொல்லிலேயே தெரிய வேண்டும்.

தோ பாயோவிலிருந்து:
'துளைமானம்' என்று வையுங்கள். மானம் என்றால் அளவு, முடிந்தது. நிற்க, துப்பாக்கி என்ற சொல்லையே பலர் இரவல் என்கிறார்கள். துப்பு என்றால் வலிமை. வலிமையை ஆக்குவது துப்பாக்கி. குறளில் 12ஆம் பாட்டிலேயே இருக்கிறது, அதுவும் சரியாக 12!

பிடோக்கிலிருந்து:
ஐயா, வள்ளுவர் அங்கே பாடியது மழையை. துப்பு ஆக்கி என்றால் உணவை உண்டாக்கி. ஆயுதத்தின் பெயரோ துருக்கியரின் துஃபெக் வழியாக வந்த சொல். யாழ்ப்பாணத்தில் நாங்கள் துவக்கு என்போம், அதுவும் அதே வேர்தான். மலாய்க்காரர் செனாப்பாங் என்கிறார்களே, அது டச்சுச் சொல். ஆளுக்கொரு கப்பலில் வந்த சாமான், அதற்குச் சங்க காலப் பிறப்புச் சான்றிதழ் வேண்டாமே.

ஜூரோங்கிலிருந்து:
துளைமானம் என்றால் எண் கூடினால் துளையும் கூடும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? நான் 30 வருடம் தாதியாக இருந்தவள். எங்கள் சொட்டுமருந்து ஊசிக்கும் கேஜ்தான். 18 பச்சை, தடிமன். 22 நீலம், மெல்லியது. புதிதாக வரும் பிள்ளைகள் முதல் வாரம் தலைகீழாகவே எடுத்துக் கொடுப்பார்கள்.

ஈசூனிலிருந்து:
ஈரோட்டுக்காரனுக்கு இதில் என்ன குழப்பம்? 40ஆம் நம்பர் நூலைவிட 80ஆம் நம்பர் மெல்லியது. அதுவும் ஒரு ராத்தலுக்கு எத்தனை சிட்டம் (நூற்கற்றை) என்ற கணக்குதான். தறிக்காரர் எவரும் நம்பர் ஏறினால் நூல் தடிக்கும் என்று நினைப்பதில்லை. '28ஆம் நம்பர் துப்பாக்கி' என்றே எழுதுங்கள்.

தோ பாயோவிலிருந்து:
நம்பர் தமிழா?

ஈசூனிலிருந்து:
சரி, எண். 'குண்டெண்' என்றும் வைக்கலாம்.

உட்லண்ட்ஸிலிருந்து:
ஒரு காலத்தில் இங்கே காக்கை சுட அனுமதி பெற்ற சுடுநர்களோடு போய்வந்தவன் நான். நாங்கள் வாயில் சொன்னது 'டுவெல் போர்' (12 bore, அதாவது 12 கேஜ்), அவ்வளவுதான். ஆனால் தமிழில் 'போர்' என்று எழுதினால் சண்டையா, வைக்கோலா, ஆழ்துளைக் கிணறா என்று குழம்பும்.

செங்காங் தம்பி, சொல்லை விடுங்கள், பொருளைப் படக்குறிப்பில் கொண்டுவாருங்கள். மெல்லிய குழலை ஏன் விரும்புகிறார்கள்? நல்ல 12 மூன்று கிலோவை ஒட்டி இருக்கும்; 28 இரண்டரை கிலோவில் முடிந்துவிடும். ஆனால் உடலும் அதே விகிதத்தில் சிறுத்திருக்க வேண்டும். 12இன் உடலில் 28இன் குழலை மாட்டியிருந்தால் அப்பா சட்டை போட்ட பையன் மாதிரி இருக்கும். தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். அப்புறம் குழல்களைத் தனியே கழற்றித் தொங்கவிட்டு விரல் கணுவால் தட்டுவார்கள். பானை வாங்கும் பாட்டி தட்டுவது போலத்தான். கணீர் என்றால் இரண்டு குழலையும் சேர்த்த பற்றவைப்பு உறுதி; சொத்தென்று கேட்டால் விலகிவிட்டது. அடிப்பக்கம் லண்டன் அல்லது பர்மிங்காம் சோதனைக்கூடத்தின் முத்திரை இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். பழைய பிரிட்டிஷ் துப்பாக்கிகளில் தோட்டா அறை பெரும்பாலும் இரண்டரை அங்குலம். இன்றைய இரண்டே முக்கால் அங்குலத் தோட்டா அதில் நுழைந்துவிடும், வாய் மடிந்திருப்பதால். வெடிக்கும்போது வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும்.

எண் விளையாட்டு அல்ல என்பதற்கு இன்னொன்று: 20இன் தோட்டா 12இன் குழலுக்குள் வழுக்கிப் போய் நடுவில் சிக்கும். தெரியாமல் பின்னால் ஒரு 12ஐப் போட்டுச் சுட்டால் குழல் பிளந்துவிடும். 20இன் தோட்டா மஞ்சளாக இருப்பது அதனால்தான்.

பிடோக்கிலிருந்து:
அருமை. குண்டெண்ணுக்கு என் வாக்கு. ஆனால் 410 என்று ஒன்று இருக்கிறதே? அது எண்ணிக்கை அல்ல, நிஜமாகவே 0.410 அங்குலம். உங்கள் கணக்கில் போட்டால் 67, 68 வரும்.

செங்காங்கிலிருந்து:
ஐயோ, அதுவும் பட்டியலில் இருக்கிறது. 'ஸ்மால் கேஜ்' என்ற தலைப்புக்கு? சிறுகுழல் என்றால் நீளம் குறைந்தது போலிருக்கிறது. ஒடுங்குக்குழல்?

தோ பாயோவிலிருந்து:
வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஒடுங்குகுழல். இன்னொன்று, ஒரு படக்குறிப்பில் டமாஸ்கஸ் குழல் (உலோகத்தில் கோலம் தெரிவது) என்று எழுதியிருக்கிறீர்கள். அது நம் உருக்கு! உருக்கு என்பதே ஆங்கிலத்தில் வூட்ஸ் ஆகி, டமாஸ்கஸ் வாளாகி...

உட்லண்ட்ஸிலிருந்து:
வாள் வேறு, குழல் வேறு ஐயா. குழலுக்கு இரும்புப் பட்டையையும் எஃகுப் பட்டையையும் முறுக்கி, தண்டில் சுற்றி அடித்து ஒட்டினார்கள். கோலம் அந்த முறுக்கிலிருந்து வருவது. நம் உருக்கில் கோலம் உலோகத்துக்குள்ளேயே விளைவது.

பிடோக்கிலிருந்து:
வூட்ஸ் கன்னடத்து உக்கு என்றும் சொல்கிறார்கள். கொளுத்திப் போட்டாயிற்று.

நெறியாளர்:
உருக்குக்குத் தனி இழை தொடங்கவும். நாளை வியாழன்.

செங்காங்கிலிருந்து:
அனுப்பிவிட்டேன். தலைப்பு 'ஒடுங்குகுழல் துப்பாக்கிகள்'. உள்ளே '28ஆம் எண் இரட்டைக்குழல்' என்றே போட்டேன். குண்டெண் முதல் பலகையில் ஒருமுறை மட்டும், ராத்தல் விளக்கத்தோடு. 410க்கு '0.410 அங்குலத் துளை'. 1875இல் ஆன்சனும் டீலியும் கொண்டுவந்த 'பாக்ஸ்லாக்' என்ற சுடுபொறிக்குப் 'பெட்டிப்பூட்டு'. அதற்கு யாரும் சண்டைக்கு வராதது ஆச்சரியம்.

தோ பாயோவிலிருந்து:
துளைமானத்துக்கு எதிராக இதுவரை ஒருவரும் இலக்கணக் காரணம் சொல்லவில்லை. பதிவுக்காக எழுதி வைக்கிறேன்.

செங்காங்கிலிருந்து:
குறிப்புகள் மறுபடி திரும்பி வந்துவிட்டன. சரிபார்க்கும் அம்மாவுக்கு 28 இப்போது புரிந்துவிட்டதாம். 'ராத்தல்' என்றால் என்ன என்று கேட்கிறார். 453.6 கிராம் என்று அடைப்புக்குறியில் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.