ஹாட் ராடுக்கு ‘முறுக்கேறி’: என் பரிந்துரையும் ஒரு சந்தேகமும்

வணக்கம்.

பழைய காரை வேகத்துக்காகக் கழற்றி, வெட்டி, எஞ்சின் மாற்றிக் கட்டும் வண்டிதான் ஹாட் ராடு. அதற்குத் தமிழ்ப் பெயர் தேடும் இந்த இழையில் வந்த ‘சூட்டுத்தண்டு’ வேண்டாம் ஐயா. ஹாட்டையும் ராடையும் தனித்தனியாகப் பிரித்துப் பெயர்த்தால் அந்த வண்டி கண்ணில் வரவே இல்லை. ராட் என்பது ரோட்ஸ்டர் என்ற திறந்த காரின் சுருக்கம் என்பார் உண்டு, எஞ்சினுக்குள் இருக்கும் கனெக்டிங் ராடு என்பாரும் உண்டு. மூலச்சொல்லே இழுபறியில் கிடக்கும்போது பொருளைப் பார்த்துப் பெயர் வைப்பதுதான் சரி.

இழையில் இன்னொருவர் சொன்ன ‘பழங்கார்’ அதைவிடத் தவறு. பழைய வண்டியைத் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே மீட்பது வேறு வேலை. இது அதற்கு நேர் எதிர். 1930களில் தெற்குக் கலிபோர்னியாப் பையன்கள் மலிவாகக் கிடைத்த ஃபோர்டுகளை வாங்கி, மட்கார்டு, பானட் என்று கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றி எடையைக் குறைத்து, அங்கே மியூராக் என்ற இடத்தின் வறண்ட ஏரிப்படுகையில் ஓட்டிப் பார்த்தார்கள். ஃபோர்டின் மாடல் ஏ கார் எஞ்சினுக்கு 40 குதிரைத்திறன்தான். 1932இல் ஃபோர்டு கொண்டுவந்த எட்டு சிலிண்டர் வி8 எஞ்சினுக்கு 65. அதைத் தூக்கி இதில் வைத்தால் என்ன ஆகும் என்ற ஆசைதான் இந்தக் கலையின் உயிர். அதனால்தான் ‘முறுக்கேறி’ என்கிறேன். முறுக்கு என்றால் டார்க் (torque), அதாவது எஞ்சின் சுழற்றும் விசை, இளவட்டத்தின் மிடுக்கும் அதிலேயே இருக்கிறது. ‘முறுக்குவண்டி’ என்றுதான் முதலில் நினைத்தேன், ஆனால் எல்லாருக்கும் முறுக்கு விற்கும் தள்ளுவண்டிதான் நினைவுக்கு வரும். இன்னொரு வசதியும் இருக்கிறது: வண்டி முறுக்கேறி என்றால் அதைக் கட்டுகிறவர் முறுக்கேற்றி. ஒரே வேரில் இரண்டு சொல்.

நான் இங்கே கலிபோர்னியாவில் பக்கத்து வீட்டுப் பெரியவரின் கராஜில் சனிக்கிழமைதோறும் கூடமாட வேலை செய்கிறேன். வண்டி 1931 மாடல் ஏ கூப், இரண்டு கதவுக் கார். போன மாதம் கூரையின் உயரத்தை மூன்று அங்குலம் குறைத்தோம். கூரையைத் தாங்கும் தூண்களில் டேப் ஒட்டி, கோடு போட்டு, கதவுகளுக்குள் குறுக்குச் சட்டம் பற்றவைத்து இறுக்கிய பிறகுதான் ரம்பத்தையே எடுத்தார். மாடல் ஏ தூண்கள் ஏறக்குறைய நேராக நிற்பதால் மேல்துண்டு கீழ்த்துண்டின்மேல் ஓரளவு வந்து உட்கார்ந்தது. சாய்ந்த தூண் என்றால் இரண்டும் விலகிப் போகும், அப்புறம் கூரையையே அறுத்து நீட்ட வேண்டும். ஒரே மூச்சில் பற்றவைத்தால் தகடு நெளிந்துவிடும். அதனால் இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு, ஆறவிட்டு மறுபடி ஒரு பொட்டு. இந்த வேலைக்குக் ‘கூரைக்குறைப்பு’ போதும், சிரமமே இல்லை.

செக்‌ஷனிங்குக்கு ‘இடைவெட்டு’. பாடியின் நடுவில் சுற்றிவர ஒரு பட்டையை அறுத்தெடுத்து மேலையும் கீழையும் ஒட்டுகிறார்கள். இடை என்பது நடுவும் இடுப்பும், இரண்டுமே பொருந்துகிறது.

சேனலிங்கில்தான் மாட்டிக்கொண்டேன். பாடி, சேஸிஸ் என்ற அடிச்சட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். தரையை அறுத்துவிட்டு, சட்டம் உள்ளே வரும்படி பாடியைக் கீழே இறக்கி, தரையை உயர்த்திப் பற்றவைப்பார்கள். மோதிரத்தில் கல் பதிப்பதுபோல என்று யோசித்து ‘பதிப்பு’ என்றேன், நூலின் பதிப்பாகிவிட்டது. ‘வண்டிப்பதிவு’ என்றால் ஆர்டிஓ அலுவலகம் வந்து நிற்கிறது. வெறும் ‘இறக்கம்’ என்றால் ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தாழ்த்துவதோடு குழம்பும். ‘இறக்கிப்பதித்தல்’ பொருளில் சரியாக இருக்கிறது, ஆனால் கையில் கிரைண்டரோடு நிற்கிறவர் வாயில் வராது.

வருகிற சனிக்கிழமை தரையை அறுக்கிறோம். பஸ், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளில் பழகியவர்கள் குழுவில் இருந்தால், பாடியைச் சட்டத்தின்மேல் கவியும்படி இறக்கி உட்காரவைப்பதற்கு அங்கே என்ன சொல்கிறார்கள் என்று எழுதுங்கள்.