ரோன் மலை ஊற்று நத்தை: பார்த்தவர்கள் எழுதுங்கள்

ஃபுல்டாவிலிருந்து:

ஜெர்மனியில் ஹெஸ்ஸன், பவேரியா, துரிங்கியா மாநிலங்கள் சேரும் இடத்தில் ரோன் மலை இருக்கிறது. 1991-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமானது. அங்குள்ள குளிர் ஊற்றுகளில் வாழும் பித்தினெல்லா கம்ப்ரெஸ்ஸா என்ற நத்தை, ரோனையும் பக்கத்து ஃபோகல்ஸ்பெர்க் மலையையும் விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. இங்கே வந்து குடியேறிய நம் ஆட்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்?

நான் பார்த்தது ஒரு பீச் (beech, இலையுதிர் மரம்) காட்டில். ஊற்று என்றதும் கொப்பளித்து வரும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். பாறைக்கற்களுக்கு நடுவே நீர் கசியும், பாசியும் சருகும் சொதசொதவென்று கிடக்கும், அவ்வளவுதான். கூட வந்த உள்ளூர்ப் பெரியவர், ஊறிக் கறுத்த இலை ஒன்றை மெதுவாகத் திருப்பிக் காட்டினார். அடியில் கடுகைத் தூவியது போல் நத்தைகள்! இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தபோது ஒன்று மெல்ல உணர்கொம்புகளை நீட்டியது. கொம்பின் அடியில் கறுப்புப் புள்ளியாகக் கண். இலை சற்று ஆடியதும் உள்ளே இழுத்துக்கொண்டு, கூட்டின் வாயை மூடியால் சாத்திக்கொண்டது. அத்தனை சின்ன உடம்புக்கு ஒரு கதவு! எனக்குப் பேச்சே வரவில்லை.

நிலத்தடியிலிருந்து வருவதால் ஊற்றுநீர் கோடையிலும் பனிக்காலத்திலும் ஏறக்குறைய ஒரே குளிர்ச்சியில் இருக்கும். நத்தைக்கு அதுதான் உயிர். ஓடையாகி வெயில்பட்டுச் சூடேறும் இடத்துக்கு அது போகாது. அதனால் ஓர் ஊற்று வற்றினால், அங்குள்ள கூட்டமே போய்விடும்.

கீஸனிலிருந்து:

அண்ணா, நான் ஃபோகல்ஸ்பெர்க்கில் பார்த்தேன். குடிநீருக்காக ஓர் ஊற்றைக் கான்கிரீட் தொட்டி கட்டிக் குழாயில் திருப்பியிருந்தார்கள். அங்கே எவ்வளவு தேடியும் ஒன்றுகூட இல்லை. சற்றுத் தள்ளி யாரும் கைவைக்காத சின்னக் கசிவில் நிறைய இருந்தன. பார்க்கவே வயிறெரிந்தது. ஊற்றைச் சுற்றி ஸ்ப்ரூஸ் மரங்களை நெருக்கமாக நட்டாலும் கெடுதல்தான். ஊசியிலை உதிர்ந்து நீரில் அமிலம் கூடும், பீச் சருகும் கிடைக்காது.

இரண்டு எடுத்துவந்து வீட்டுத் தொட்டியில் வளர்க்கலாமா என்று என் பையன் கேட்கிறான்.

ஃபுல்டாவிலிருந்து:

வேண்டாம் தம்பி. வீட்டுச் சூட்டில் பிழைக்காது. இயற்கை ஊற்றுகள் இங்கே சட்டப்படியும் பாதுகாக்கப்பட்டவை. பையனைக் கட்டாயம் கூட்டிப்போங்கள், ஆனால் ஈரமண்ணில் கால் வைக்காமல் ஓரத்திலேயே நின்று பார்க்கட்டும். திருப்பிய இலையை அப்படியே கவிழ்த்து அதே இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். இனி எழுதுகிறவர்கள், எந்த ஊற்று என்று தயவுசெய்து பொதுவில் போடாதீர்கள். பத்துப் பேர் நடந்தாலே சேறாகிவிடும் இடம் அது.